குண்டுகளை எடை போட்டது யார்?

அன்புள்ள ஐயா,

வியட்நாம் போர்க்காலத்தில் லாவோஸ் மீது அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது என்று எழுதியிருந்தீர்கள். யார் எடை போட்டது? என் மகன் பள்ளிக் கட்டுரைக்காக அதை ஹிரோஷிமா அணுகுண்டின் 15 ஆயிரம் டன்னால் வகுத்து, '133 ஹிரோஷிமா' என்று எழுதி வைத்திருக்கிறான். வெடிமருந்து செய்யும் கார்டைட் பேக்டரியில் ஓய்வு பெற்ற அப்பா 'தப்புக் கணக்கு' என்கிறார். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார்.

ஒரு வாசகி, அருவங்காடு

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா சொல்வதுதான் சரி. வெடிமருந்தின் எடை வேறு, இரும்பின் எடை வேறு என்பது அவருக்குப் பழகிப்போன விஷயம்.

யாரும் தராசில் நிறுத்தவில்லை. எந்த விமானம், என்ன வகைக் குண்டு, எத்தனை என்று பதிவாகும். வகைக்கு ஒரு பெயரளவு எடை உண்டு. பெருக்கிக் கூட்ட வேண்டியதுதான். பி-52 என்ற பெரிய குண்டுவீச்சு விமானத்தின் டி ரகம் உள்ளே 500 பவுண்டு குண்டுகள் 84, இறக்கைக்கு அடியில் 750 பவுண்டு குண்டுகள் 24 சுமக்கும். ஆக 60,000 பவுண்டு, அமெரிக்கக் கணக்கில் 30 டன். எஃப்-105 போன்ற சிறிய விமானம் ஆறு 750 பவுண்டு குண்டுகளோடு போனால் இரண்டேகால் டன். லாவோஸ் மீது 1964 முதல் 1973 வரை 5,80,000 தடவை பறந்திருக்கிறார்கள். வகுத்தால் தடவைக்குச் சுமார் மூன்றரை டன். பெரும்பாலும் சிறிய விமானங்கள் என்பதால் நம்பும்படி இருக்கிறது.

ஆனால் பதிவைப் படிப்பதிலேயே வழுக்கலாம். அமெரிக்கா 2000-இல் வெளியிட்ட தரவுகளை வைத்து, கம்போடியா மீது விழுந்தது 27 லட்சம் டன் என்று டெய்லர் ஓவன், பென் கீர்னன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் எழுதினார்கள். பிற்பாடு அவர்களே அதைச் சுமார் 5 லட்சம் டன்னாகக் குறைத்தார்கள். பழைய எண் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது! போதாததற்கு, அமெரிக்க டன் 907 கிலோ, பழைய பிரிட்டிஷ் டன் 1,016 கிலோ. இரண்டையும் அப்படியே கூட்டிவைத்த பட்டியல்களும் உண்டு.

இனி ஹிரோஷிமா. அந்த 15 ஆயிரம் டன் குண்டின் எடையே இல்லை. அத்தனை டன் டிஎன்டி என்ற வெடிமருந்து வெடித்தால் வரும் ஆற்றல். குண்டு சுமார் 4,400 கிலோதான். லாவோஸ் கணக்கோ இரும்புக் கூடும் சேர்ந்த எடை. 500 பவுண்டு மார்க்-82 குண்டில் வெடிமருந்து 192 பவுண்டுதான். கோத்தகிரியில் நிறுத்துப் போட்ட பச்சைத் தேயிலையின் எடையை யாராவது தேயிலைத்தூள் என்று விற்க முடியுமா?

இன்னொன்று, கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய 27 கோடி சிறு குண்டுகளில் 30 சதவீதம் வரை வெடிக்கவில்லை என்பது மதிப்பீடு. வெடிக்காததும் டன் கணக்கில் சேர்த்திதான். அவை இன்னும் அந்த ஊர் வயல்களில் ஆட்களைக் கொல்கின்றன. எனக்கு டன்னைவிட இந்த எண்தான் முக்கியமாகப் படுகிறது.

மகனிடம் 'அமெரிக்கப் பதிவுகளின்படி 20 லட்சம் டன்னுக்கு மேல்' என்று எழுதச் சொல்லுங்கள். ஹிரோஷிமா வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் வெடிக்காத குண்டுகளைப் பற்றி இரண்டு வரி சேர்க்கட்டும்.