மெஷின் டிசைனில் சீனியர் என்றால் யார்? – கேள்வி பதில்

கோவையில் ஸ்பெஷல் பர்ப்பஸ் மெஷின், அதாவது ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்றே தனியாகச் செய்யும் மெஷின், டிசைன் செய்கிறேன். ஆட்டோமேஷன் துறையில் சீனியர் மெக்கானிக்கல் டிசைன் வேலை பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: சார், 4 வருடமாக சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி டிசைன் சாஃப்ட்வேரில் மாடலிங், டிராயிங் செய்கிறேன். சீனியர் ஆக இன்னும் எத்தனை வருடம்?

வருடக் கணக்கை விடுங்கள். "6 நொடிக்கு ஒரு பீஸ்" என்று கஸ்டமர் கேட்டதும், எது முடிந்து எது தொடங்கவேண்டும், எதையெல்லாம் சேர்த்தே ஓட்டலாம் என்று டைமிங் சார்ட் போட வருகிறதா? கான்செப்ட் முதல், கஸ்டமர் இடத்தில் மெஷின் ஓடி அவர் கையெழுத்துப் போடும்வரை பொறுப்பேற்க முடிகிறதா? முடிந்தால் நீங்கள் சீனியர்தான்.

கேள்வி: இன்டர்வியூவில் என்ன கணக்கு கேட்பீர்கள்?

300 மி.மீ. தூரத்தை அரை நொடியில் கடக்கவேண்டும். உச்ச வேகம் என்ன? பலர் நொடிக்கு 600 மி.மீ. என்கிறார்கள். அது சராசரி. நேரத்தை மூன்றாகப் பிரித்து, வேகமெடுக்க ஒரு பங்கு, சீராக ஓட ஒரு பங்கு, நிற்க ஒரு பங்கு என்று வைத்தால் உச்சம் 900. வேகத்தையும் இடத்தையும் துல்லியமாகக் கட்டுப்படுத்தும் சர்வோ மோட்டாரின் தேர்வு அங்கிருந்துதான் தொடங்கும். அப்புறம், 50 மி.மீ. போர் (உள்விட்டம்) உள்ள காற்றழுத்த சிலிண்டர் 6 பார் அழுத்தத்தில் எவ்வளவு விசையோடு தள்ளும் என்பேன். சுமார் 1,180 நியூட்டன். இழுக்கும்போது பிஸ்டனோடு சேர்ந்த ராடின் பரப்பு கழிந்து விசை குறையும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் எனக்கு மகிழ்ச்சி.

கேள்வி: டாலரன்ஸை (அளவில் அனுமதிக்கும் ஏற்ற இறக்கத்தை) இறுக்கமாகக் கொடுத்துவிட்டால் பிரச்சினை வராதுதானே?

விலை ஏறும். பாகத்தைச் சரியான இடத்தில் நிறுத்தும் லொகேட்டிங் பின் துளைக்கு எச்7 என்ற இறுக்கமான டாலரன்ஸ் கொடுங்கள், சரி. வெறும் போல்ட் துளைக்கு எதற்கு?

கேள்வி: சேஃப்டி எலெக்ட்ரிக்கல் டீம் வேலை இல்லையா அண்ணா?

இல்லை தம்பி. லைட் கர்ட்டனை, அதாவது கை குறுக்கிட்டால் மெஷினை நிறுத்தும் ஒளிக்கதிர்த் திரையை, கை தாண்டியதும் மெஷின் முழுதாக நிற்க 0.2 நொடி ஆகிறது என்று வையுங்கள். பாதுகாப்பு தூரத்துக்கான சர்வதேசத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 13855 கையின் வேகத்தை நொடிக்கு 2,000 மி.மீ. என்று எடுக்கச் சொல்கிறது. அப்படியானால் 14 மி.மீ. ரெசல்யூஷன் கர்ட்டனுக்குக்கூட (விரல் அளவு பொருளையும் கண்டுபிடிப்பது) ஆபத்தான இடத்திலிருந்து குறைந்தது 400 மி.மீ. தள்ளி இடம் வேண்டும். அந்த இடத்தை ஃபிரேமில் விடவேண்டியவர் நாம். ஃபிரேமை வெல்டிங் செய்து பெயின்ட் அடித்த பிறகு இது தெரியவந்தால், "கொஞ்சம் கிட்டே வைத்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொல்வார்கள். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அங்கே நிற்கப்போவது ஓர் ஆபரேட்டரின் விரல்கள்.

கேள்வி: டிசைனர் ஷாப் ஃப்ளோருக்குப் போயே ஆகவேண்டுமா?

ஆமாம். என் ஆரம்ப கால மெஷின் ஒன்றில் ஒரு பிராக்சிமிட்டி சென்சாரை (பொருள் அருகில் வந்ததைத் தொடாமலே உணர்வது) கைடு பிளேட்டுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஸ்கிரீனில் அழகாகத்தான் இருந்தது. நைட் ஷிஃப்டில் சென்சார் போனதும், மெயின்டனன்ஸ்காரர் பிளேட்டையே கழற்றினார். மாட்டிய பிறகு அலைன்மென்ட் வரவில்லை, விடியும்வரை லைன் நின்றது. மறுநாள் அவர் என்னைத் திட்டவில்லை. ஆலன் கீயை என் கையில் கொடுத்து, "நீங்களே ஒரு தடவை கழற்றிப் பாருங்க சார்" என்றார். இப்போது சென்சார் வைக்கும்போதெல்லாம் ஆலன் கீ நுழைந்து திரும்ப இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.