ஒரே சிறுமி, 24 முகம்: ஏஐ படத்தில் உங்கள் கை எங்கே போகிறது?

கேள்வி: நிப் பேனா, இந்தியன் இங்க், மேலே மெல்லிய வாஷ் (நீர்த்த பூச்சு). இதுதான் என் பாணி. கைவசம் 40 ஓவியங்கள் இருக்கின்றன. விற்பதற்காக இல்லை, எனக்காகவே ஒரு சிறுமியின் இரவுப் பயணத்தை 24 படங்களாகச் செய்ய ஏஐயில் முயன்றுவருகிறேன். படத்துக்குப் படம் அவள் முகம் மாறுகிறது. எல்லாமே எண்ணெய் பூசியதுபோல் பளபளக்கிறது. என் கோடு எதிலும் இல்லை. ஒரிஜினல்கள் அத்தனையையும் ஸ்கேன் செய்து அனுப்பினால் என் பாணியிலேயே ஒரு மாடல் செய்து தருவதாக ஒருவர் சொல்கிறார். கட்டணமும் கேட்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள்.

அவர் "பாணி மாடல்" என்று பெரிதாகச் சொல்வது லோரா என்ற ஒரு துணைக்கோப்பு. ஸ்டேபிள் டிஃப்யூஷன் எக்ஸ்எல் என்ற அடிப்படை மாடல் 6, 7 ஜிபி இருக்கும். அதன் தோளில் ஏறிக்கொள்ளும் லோரா பெரும்பாலும் 200 எம்பிக்குள் அடங்கிவிடும். 12 ஜிபி வீரேம் (கார்டின் சொந்த நினைவகம்) உள்ள கிராபிக்ஸ் கார்டு இருந்தால் உங்கள் மேஜையிலேயே ஒரு பொழுதுக்குள் முடிகிற வேலை அது. கார்டு இல்லையென்றால் மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் கணினியில் நீங்களே செய்துகொள்ளலாம். முடிந்ததும் அதை நிறுத்தினால் போதாது, அழிக்க வேண்டும். நிறுத்திவைத்த கணினியில் உங்கள் படங்கள் அப்படியே கிடக்கும், அந்த இடத்துக்கான வாடகையும் ஓடிக்கொண்டிருக்கும்.

இத்தனை சிறிய கோப்பு ஒருவர் கைக்குப் போய்விட்டால் அதைத் திரும்ப வாங்க முடியாது. நகல் எடுக்க அரை நிமிடம் போதும். "வேலை முடிந்ததும் அழித்துவிடுகிறேன்" என்ற வாக்கைச் சரிபார்க்க உங்களிடம் எந்த வழியும் கிடையாது. லோரா இருக்கட்டும், 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன்களைக் கொடுத்தாலே போச்சு. அதை வைத்து யார் வேண்டுமானாலும் நல்ல பிரின்ட் போட்டுவிடலாம். இந்தத் தரகர்கள் கேட்கிற முதல் விஷயமே "எல்லா ஒரிஜினலும், ஃபுல் ரெசல்யூஷனில்" என்பதுதான். பயிற்சிக்கு 25 படம் போதும், அதுவும் 1024 பிக்சல் அளவில். பிறகு எதற்காக முழு அளவு கேட்கிறார் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

இவர்களுக்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் "ஆயிரம் பிராம்ப்ட்" என்று, படம் கேட்டு ஏஐக்கு எழுதும் வாசகங்களை மூட்டை கட்டி விற்பவர். ஒரு மாடலில் வேலை செய்த பிராம்ப்ட் இன்னொரு மாடலில் வேறு படத்தைத் தரும். தவிர, ஸ்டேபிள் டிஃப்யூஷனின் சொல் வாங்கி ஒரு நேரத்தில் ஏறத்தாழ 75 சொல்துண்டுகளைத்தான் விழுங்கும். அதற்குமேல் போனால் சில செயலிகள் வெட்டிவிடும், சில துண்டுபோட்டு ஊட்டும். ஒரு பக்க நீளத்துக்கு அலங்கார வார்த்தை அடுக்கிய பிராம்ப்டில் பாதி வெறும் சத்தம். இன்னொருவர் இலவச மாடல் கோப்பு தருபவர். கோப்பின் பெயர் 'சிகேபிடி' என்று முடிந்தால் தொடாதீர்கள். திறக்கும்போதே உள்ளே ஒளித்துவைத்த நிரல் ஓட அதில் இடமிருக்கிறது. 'சேஃப்டென்சர்ஸ்' என்று முடிவதை மட்டும் எடுங்கள்.

இனி உங்கள் முகப் பிரச்சினை. "சீட் எண்ணை மாற்றாமல் வைத்திருந்தால் ஒரே முகம் வரும்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். வராது. சீட் என்பது தொடக்கத்தில் தூவப்படும் புள்ளி இரைச்சலின் எண். அவ்வளவுதான். அதே சொற்கள், அதே அளவு, அதே அமைப்பு எல்லாம் மாறாமல் இருந்தால் அதே படம் திரும்ப வரும். "ஓடுகிறாள்" என்பதை "உட்கார்ந்திருக்கிறாள்" என்று மாற்றிய நொடியே அந்த இரைச்சலிலிருந்து வேறொரு சிறுமி எழுந்து வருவாள். வார்த்தையால் முகத்தைக் கட்டிப்போட முடியாது. உங்களுக்குப் பென்சில் பிடிக்கத் தெரியும். 24 படத்துக்கும் பென்சில் வரைவை நீங்களே போடுங்கள், அங்கிருந்து இயந்திரம் தொடரட்டும்.

பளபளப்பு அடிப்படை மாடலின் பழக்கம், அதைத் தணிப்பது லோராவின் வேலை. கோடு காணாமல் போவதற்குக் காரணம் வேறு. மாடல் உங்கள் பிக்சல்களில் நேரடியாக வேலை செய்வதில்லை. படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகச் சுருக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் ஒரு புள்ளியாக மாற்றி, அந்தச் சுருக்கத்தில்தான் படம் போடுகிறது. 1024 பிக்சல் அகலப் படம் உள்ளே 128 புள்ளி அகலம்தான். உங்கள் நிப் கோடு அதில் ஒன்றிரண்டு பிக்சல் அகலம் இருந்தால், விரித்தெடுக்கும்போது களிம்பாகிவிடும். நெருக்கமான குறுக்குக்கோடுகள் சாம்பல் பூச்சாகிவிடும். ஆகவே பெரிய ஓவியங்களை முழுதாக 1024க்குச் சுருக்கி ஊட்டினால் மட்டும் போதாது. கோடு குறைந்தது 3, 4 பிக்சல் அகலம் வரும்படி பகுதி பகுதியாக வெட்டுங்கள். 25 படத்தில் 10 முழு ஓவியம், 15 நெருக்கமான வெட்டுத்துண்டு என்று வைத்தால் கோடு நன்றாகப் படியும்.

ஸ்கேன் 600 டிபிஐ, தட்டை ஸ்கேனரில். தானாகக் கூர்மையாக்குவது, தானாக நிறம் திருத்துவது இரண்டையும் அணைத்துவிடுங்கள். பிஎன்ஜி அல்லது டிஃப் ஆகச் சேமியுங்கள். ஜேபெக்கின் சதுரக் கறைகளையும் மாடல் உங்கள் பாணி என்று நினைத்துக் கற்றுக்கொள்ளும். கையெழுத்தை அழித்துவிட மறக்காதீர்கள். மறந்தால் வருகிற ஒவ்வொரு படத்தின் மூலையிலும் படிக்க முடியாத ஒரு கிறுக்கல் இருக்கும்.

பயிற்சிக் கணக்கு இது: 25 படம், ஒவ்வொன்றும் 10 தடவை, 8 சுற்று, மொத்தம் 2000 படி. ரேங்க் (லோராவின் கொள்ளளவு) 16, லேர்னிங் ரேட் (ஒரு படியில் எவ்வளவு கற்கிறது என்ற அளவு) 0.0001. ஒவ்வொரு சுற்று முடிவிலும் கோப்பைச் சேமிக்கச் சொல்லுங்கள். கடைசிக் கோப்புதான் சிறந்தது என்று எண்ண வேண்டாம், பலருக்கு 5 அல்லது 6ஆம் சுற்றுதான் சரியாக இருக்கும். சோதனை எளிது: நீங்கள் ஒருபோதும் வரையாத ஒரு பொருளை, ஒரு சைக்கிளையோ கலங்கரை விளக்கத்தையோ, கேளுங்கள். உங்கள் கோட்டில் சைக்கிள் வந்தால் வெந்தது. பளபளப்பாக வந்தால் இன்னும் வேகவில்லை. சைக்கிளுக்குப் பதில் உங்கள் ஏழாவது ஓவியமே திரும்ப வந்தால் கருகிவிட்டது. முந்தைய சுற்றுக்குப் போங்கள். வெள்ளைத் தாளில் கறுப்பு மை என்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு. இந்த மாடல்களுக்கு நடுத்தர வெளிச்சத்தின்மேல் ஒரு சாய்வு இருக்கிறது, சுத்த வெள்ளையும் சுத்தக் கறுப்பும் சிரமப்பட்டுத்தான் வரும். பயிற்சியில் நாய்ஸ் ஆஃப்செட் என்ற அமைப்பை 0.05 வைத்தால் கொஞ்சம் சரியாகும், மிச்சத்தைப் படத் திருத்தச் செயலியில் வெளிச்சத்தையும் இருளையும் சரிசெய்யும் லெவல்ஸில் திருத்திக்கொள்ளலாம்.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறிப்பு எழுத வேண்டும், ஆங்கிலத்தில். அடிப்படை மாடல் படித்த மொழி அதுதான். தொடக்கத்தில் எந்த அகராதியிலும் இல்லாத ஒரு சொல்லை உங்கள் பாணிக்குப் பெயராக வையுங்கள். பிறகு படத்தில் இருப்பதை எழுதுங்கள்: சிறுமி, மரம், விளக்கு. மை, கோடு, வாஷ் என்று எழுதாதீர்கள். குறிப்பில் எழுதியது தனியாகப் பிரிந்துவிடும், எழுதாமல் விட்டது அந்தப் பெயருக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். பாணி ஒட்ட வேண்டும், மரம் ஒட்டக்கூடாது.

இதற்கு ஒரு விதிவிலக்கு, தாள். இதில் வாஷ் போடுகிறவர்கள் அத்தனை பேரும் சறுக்குகிறார்கள், அதனால் நின்று சொல்கிறேன். எல்லா ஓவியமும் ஒரே சொரசொரப்பான தாளில் இருந்து, வாஷ் அந்தக் குழிகளில் தங்கி நிற்பதே உங்கள் பாணியின் பகுதி என்றால், தாளைப் பற்றி வாயே திறக்காதீர்கள், அதுவும் ஒட்டட்டும். ஆனால் 15 படம் வெள்ளைத் தாள், 10 படம் பழுப்புத் தாள் என்று கலந்திருந்தால் ஒவ்வொன்றிலும் "வெள்ளைத் தாள்", "பழுப்புத் தாள்" என்று எழுதியே ஆக வேண்டும். எழுதாவிட்டால் மாடல் இரண்டையும் குழைத்து, எல்லாப் படத்துக்கும் அழுக்கு மஞ்சள் பின்புலம் போடும். பழுப்பு நீங்கள் தேர்ந்த நிறமாக இல்லாமல் வயதால் வந்த மஞ்சளாக இருந்தால் அது வேறு கதை: ஸ்கேனிலேயே லெவல்ஸில் நீக்கிவிடுங்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வெள்ளைப் புள்ளியை அதிகம் இழுத்தால் மஞ்சளோடு சேர்ந்து மிக மெல்லிய வாஷும் காணாமல் போய், மேகமெல்லாம் கத்தரித்து ஒட்டியதுபோல் ஆகிவிடும். வாஷின் கடைசி விளிம்பு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். கொஞ்சம் மஞ்சள் மிஞ்சினால் பரவாயில்லை, அதைக் குறிப்பில் எழுதிவிடலாம்.

லோரா தயாரானதும் பென்சில் வரைவை இரண்டு வழியில் உள்ளே கொடுக்கலாம். ஒன்று, படத்திலிருந்து படம். அதில் டீநாய்சிங் என்ற அளவுதான் கடிவாளம். 0.3 வரை நிழல் மட்டும் மாறும். 0.4 முதல் 0.55 வரை உங்கள் அமைப்பு நிற்கும், பரப்பு புதிதாக வரும். 0.7 தாண்டினால் உங்கள் படம் வெறும் நிறக் குறிப்பு. 30 படி என்று அமைத்து 0.4 கொடுத்தால் பல செயலிகளில் ஓடுவது 12 படிதான். அரைகுறையாகத் தெரிந்தால் படியைக் கூட்டுங்கள். இரண்டாவது வழி கண்ட்ரோல்நெட், அதாவது உங்கள் வரைவின் கோட்டைப் பின்பற்ற வைக்கும் துணை மாடல். அதில் லைன்ஆர்ட் வகை உங்களுக்குப் பொருந்தும். எடை 0.7, மொத்தப் படிகளில் 60 சதவீதத்தோடு அதன் பிடி விடட்டும்; கடைசிவரை பிடித்தால் கோடு விறைத்துப்போகும். இது எதிர்பார்ப்பது கறுப்பில் வெள்ளைக் கோடு. உங்கள் வரைவை நிறம் தலைகீழாக்காமல் ஊட்டினால் தாள் முழுவதையும் ஒரு பொருள் என்று எண்ணிக் குப்பை கொட்டும். இதே அமைப்புகளுக்கு செயலிக்கொரு பெயர், புதுப்பிப்புக்கொரு இடம். யாரைக் கேட்டு மாற்றுகிறார்களோ தெரியவில்லை. பெயரை மனப்பாடம் செய்யாமல் என்ன செய்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

சிறுமியின் முகத்தை மட்டும் இயந்திரத்திடம் விடாதீர்கள். அவளையும் லோராவாக்கலாம்தான், ஆனால் 24 படத்துக்கு அது வீண் வேலை. முழு உருவமாக நிற்கும் படத்தில் முகம் 60, 70 பிக்சல் இருக்கும். உள்ளே அது எட்டு ஒன்பது புள்ளி. அதில் கண்ணும் மூக்கும் எங்கே நிற்கும்? முகத்தை வெறுமையாக விட்டு, அச்சிட்ட பிறகு நிப்பால் நீங்களே போடுங்கள்.

அச்சுக்கு அளவு பார்த்துக்கொள்ளுங்கள். 300 டிபிஐயில் 1024 பிக்சல் என்பது 8.7 சென்டிமீட்டர்தான். ஏ4 தாளின் நீளத்துக்கு 3508 பிக்சல் வேண்டும், அதாவது ஏறக்குறைய மூன்றரை மடங்கு. படத்தை ஓடு ஓடாக (சிறு சதுரங்களாக) பிரித்துப் பெரிதாக்கும்போது டீநாய்சிங் 0.2, 0.25க்குள் இருக்கட்டும். 0.4 வைத்தால் ஒவ்வொரு ஓட்டிலும் ஒரு குட்டிச் சிறுமி முளைப்பாள்.

உரிமை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தத் தரகர் அடுத்து "காப்பிரைட் பதிவும் செய்து தருகிறேன்" என்பார். சட்டம் நாட்டுக்கு நாடு இன்னும் தடுமாறிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகம் 2023இல் ஒரு படக்கதையில் எழுத்துக்கும் தொகுப்புக்கும் உரிமை தந்து, ஏஐ உருவாக்கிய தனிப்படங்களுக்குத் தர மறுத்தது. 2025 ஜனவரி அறிக்கையில், பிராம்ப்ட் மட்டும் போட்டதால் ஒருவர் படைப்பாளியாகிவிட மாட்டார், அவர் கையால் வரைந்தது இறுதிப் படத்தில் தெரிந்தால் அந்தப் பகுதிக்கு உரிமை உண்டு என்றது. ஆகவே தரகரின் சான்றிதழைவிடத் தேதி போட்ட உங்கள் பென்சில் வரைவு மதிப்புள்ளது. எறிந்துவிடாதீர்கள். இணையச் சேவை எதிலாவது வேலை செய்தால், படங்கள் இயல்பாகவே பொதுவில் தெரியும்படி அமைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். அதை அணைக்கும் பொத்தானைக் கண்டுபிடிக்க முடியாத இடத்தில்தான் வைத்திருப்பார்கள். கணினியில் செய்கிற பிஎன்ஜி கோப்புக்குள் பிராம்ப்டும் லோராவின் பெயரும் பதிந்திருக்கும். வெளியே அனுப்பும் முன் வேறு செயலியில் திறந்து, மெட்டாடேட்டா இல்லாமல் புதிதாகச் சேமியுங்கள்.

முகம் போடுவதற்கான பிரின்ட் பிக்மென்ட் மையில், பூச்சில்லாத மேட் ஆர்ட் தாளில் இருக்கட்டும். நீரில் கரையும் டை மையில் அடித்தால் ஈரத் தூரிகை பட்டதும் கலங்கும். அடித்த பிரின்ட்டை ஒரு நாள் காயவிட்டு, ஓரத்தில் ஒரு நிப் கோடு, ஒரு ஈரத் தூரிகைத் தடவல் போட்டுப் பாருங்கள். கோடு பிசிறினால் தாளை மாற்ற வேண்டும், நிறம் கலங்கினால் மையை.