நீலத்துக்கு விலை பேசலாமா?

கேள்வி: சென்ற இதழில் ஓவிய வண்ணங்களின் விலை, வேதியியல் என்று விலாவாரியாக எழுதியிருந்தீர்கள். நிறம் கலைஞனின் உள்ளத்திலிருந்து வருவது. வான்கோவின் படுக்கையறை ஓவியத்தில் அந்த நீலச் சுவர் தரும் அமைதியை எந்த ரசாயனம் விளக்கும்? கலையை மளிகைக் கணக்காக்குவது நியாயமா?
(ஒரு வாசகர், கரூர்)

பதில்: அந்தச் சுவரை வான்கோ நீலமாகத் தீட்டவே இல்லை, ஐயா. 1888 அக்டோபரில் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில், சுவர்கள் வெளிர் கத்தரிப்பூ நிறம் என்கிறார். அதில் கலந்திருந்த சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டுப் பட்டு வெளிறிவிட்டது, நீலம் மிஞ்சியது. பார்ப்பவருக்கு ஓய்வும் உறக்கமும் நினைவுக்கு வர வேண்டும் என்று அவரும் அதே கடிதத்தில் சொல்கிறார். அதற்காக அவர் தேர்ந்த நிறம் வேறு, நீங்கள் உருகிய நிறம் வேறு. இதை உங்களுக்குச் சொல்ல ரசாயனம்தான் வேண்டியிருக்கிறது.

மளிகைக் கணக்கு என்கிறீர்கள். சரி, கணக்கையே பார்ப்போம். 1485-இல் ஃபிளாரன்ஸ் நகரத்து அனாதைக் குழந்தைகள் இல்லம், தன் பலிபீட ஓவியத்துக்காக ஓவியர் கிர்லாண்டாயோவுடன் ஒப்பந்தம் போட்டது. மொத்தக் கூலி 115 ஃபுளோரின், அதாவது அந்த ஊர்த் தங்கக் காசு. நீலம் மட்டும் அவுன்ஸ் நாலு ஃபுளோரின் பெறுமான சரக்காக இருக்க வேண்டும் என்று அதிலேயே எழுதி வாங்கிக்கொண்டார்கள். பக்திமான்கள்தான், ஆனாலும் ஏமாறத் தயாராக இல்லை! அந்த நீலம் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையில் வெட்டியெடுத்த லாபிஸ் லசூலி கல். அதை இடித்துத் தூளாக்கி, மெழுகும் பிசினும் சேர்த்துப் பிசைந்து, சாம்பல் காரநீரில் அமுக்கி அமுக்கி நீலத்தைப் பிரிப்பார்கள். தேங்காய்ப்பால் மாதிரி, முதல் பிழிவுதான் உசத்தி. கன்னி மரியாளின் மேலங்கிக்கு அதை ஒதுக்கியதில் பக்தி உண்டு, பணமும் உண்டு. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் படிக்க முடியாது.

உள்ளம் என்றால் டச்சு ஓவியர் வெர்மீரைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஒரு பெண் ஒயின் கோப்பையுடன் இருக்கும் அவருடைய ஓவியத்தில், சிவப்புப் பட்டுடையின் நிழல்களுக்கு அடியில் இந்த நீலத்தைப் பூசியிருக்கிறார். மேலே சிவப்பு, அடியில் யார் கண்ணுக்கும் நேராகத் தெரியாத நீலம். 1675-இல் கடனோடு இறந்த மனிதர் செய்த காரியம் இது. அவுன்ஸ் என்ன விலை என்று தெரியாதவருக்கு இதில் என்ன துணிச்சல் இருக்கிறது என்று புரியுமா?

அப்புறம் நிலைமை மாறியது. மலிவான செயற்கை நீலம் செய்பவருக்கு 6,000 பிராங்க் பரிசு என்று 1824-இல் பிரான்சின் தொழில் ஊக்குவிப்புச் சங்கம் அறிவித்தது. 1828-இல் அதை வாங்கியவர் கிமே என்ற பிரெஞ்சு வேதியியலாளர். வெள்ளை வேட்டிக்கு நம் வீடுகளில் போட்ட நீலத்தூள்கூட இந்தச் செயற்கைச் சரக்குதான். கொச்சை என்பீர்கள். பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் அப்படி நினைக்கவில்லை. தன் 'குடைகள்' ஓவியத்தைக் கோபால்ட் நீலம் என்ற வேறொரு வண்ணத்தில் தொடங்கியவர், 1880-களின் நடுவில் அதை மறுபடி கையிலெடுத்தபோது தீட்டியது இந்தத் தொழிற்சாலை நீலத்தால்தான்.