கார்பென்டசிம் அடித்தும் மிளகுக் கொடி ஏன் வாடுகிறது?

கேள்வி: கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் மிளகு ஏற்றியிருக்கிறோம். மழை பிடித்ததும் இலைகளில் கறுப்புப் புள்ளி விழுந்து, செழிப்பாக இருந்த கொடிகள் சில வாரங்களில் வாடிவிடுகின்றன. பூஞ்சை நோய் என்று கடையில் சொன்னதால் கார்பென்டசிம் இரண்டு முறை அடித்தோம்; கேட்கவில்லை. பிளஸ் ஒன் படிக்கும் மகள், இது பூஞ்சையே அல்ல, புரோட்டிஸ்ட் என்கிறாள். எது சரி? எதை அடிப்பது?

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. மருந்து கேட்காததற்குக் காரணமும் அதுவே.

அறிகுறிகளைப் பார்த்தால் இது பைட்டோப்தோரா கேப்சிசி என்ற நுண்ணுயிரி உண்டாக்கும் அடியழுகல். ஓர் இலையைப் பறித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். புள்ளியின் ஓரத்திலிருந்து மெல்லிய நார்கள் வெளிநோக்கி நீண்டிருந்தால் பெரும்பாலும் அதுவேதான். மண்ணை ஒட்டிய தண்டும் கறுத்து அழுகியிருக்கும்.

பூஞ்சையைப் போலவே இழை இழையாக வளர்வதால் நீண்ட காலம் இதைப் பூஞ்சையாகவே எண்ணினார்கள். 1969இல் உயிரியலாளர் விட்டேக்கர் வகுத்த ஐந்து உலகப் பாகுபாட்டிலும், பைட்டோப்தோரா சேர்ந்த ஊமைசீட் என்ற பிரிவு பூஞ்சைகளோடுதான் இருந்தது. ஆனால் பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் என்ற பொருள் முக்கியம். இதன் சுவர் பெரும்பாலும் குளுக்கனும் செல்லுலோசும். மரபணு ஆய்வுகள் இதை டயாட்டம் என்ற ஒரு செல் பாசிகளுக்கும் பழுப்புப் பாசிகளுக்கும் பக்கத்தில் வைக்கின்றன. மண்டபம் கடற்கரையில் அல்ஜினேட் என்ற கூழ்ப்பொருளுக்காகச் சேகரிக்கும் சர்காசம் என்ற பழுப்புப் பாசி இதற்கு உறவு, காளான் உறவல்ல. சொல்லப்போனால், காளான் மனிதருக்குத்தான் நெருக்கம்.

மகளுக்கும் ஒன்று சொல்லுங்கள்: புரோட்டிஸ்டா என்பது ஒரே குடும்பம் அல்ல. 1866இல் ஜெர்மன் உயிரியலாளர் ஹெக்கல் அப்பெயரில் ஒரு தனி உலகத்தை முன்வைத்தார். பிறகு செடி, விலங்கு, பூஞ்சை எதிலும் சேராத உட்கரு உயிரிகளையெல்லாம் அதில் போட்டுவிட்டார்கள். அமீபாவும் டயாட்டமும் ஒரே பாடத்தில் வந்தாலும் தூரத்து உறவினர்களே. தேர்வில் பாடநூல்படி எழுதட்டும். ஆனால் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம்.

இனி மருந்து. கார்பென்டசிம் பூஞ்சைகளின் செல் பிரிவதைத் தடுப்பது. பைட்டோப்தோராவிடம் அது எடுபடாது. ஹெக்சகோனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகள், பூஞ்சை தன் செல்சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டீரால் என்ற ஸ்டீராலைத் தயாரிப்பதை முடக்குபவை. பைட்டோப்தோரா ஸ்டீராலைத் தயாரிப்பதே இல்லை. எனவே கடைக்காரர் வேறு பிராண்டு கொடுத்தாலும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

பைட்டோப்தோராவின் பலம் தண்ணீரில் இருக்கிறது. ஈர இலையில் எலுமிச்சை வடிவப் பைகள் உருவாகின்றன. நீர் பட்டதும் அவற்றிலிருந்து இயங்கு ஸ்போர்கள் வெளியேறும். ஒவ்வொன்றுக்கும் நீந்த உதவும் வால் போன்ற இரண்டு கசையிழைகள்: முன்னே நீள்வதில் நுண்மயிர்கள் உண்டு, பின்னே இருப்பது வழவழப்பானது. வேர் கசியவிடும் பொருள்களை நோக்கி நீந்திச் சென்று ஒட்டிக்கொண்டு, முளைத்து, உள்ளே இறங்கிவிடும். ஆகவே கொடியடியில் தண்ணீர் தேங்கும்வரை எந்த மருந்தும் முழுப் பலன் தராது. வடிகால் எடுங்கள், தரையில் படரும் தண்டுகளை வெட்டுங்கள் அல்லது தூக்கிக் கட்டுங்கள், நிழலைக் கழித்துவிடுங்கள், செத்த கொடியை வேரோடு எடுத்து எரியுங்கள்.

மழைக்கு முன்பு ஒரு முறையும் மழைக்காலத்தின் நடுவில் ஒரு முறையும் 1 சதவீத போர்டோ கலவை தெளியுங்கள். 1885 வாக்கில் பிரான்சில் மில்லார்டே இதை உருவாக்கியதே திராட்சையைத் தாக்கிய இன்னொரு ஊமைசீட்டுக்கு எதிராகத்தான். 1 கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டர் நீரிலும் பிளாஸ்டிக் தொட்டிகளில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் மெல்ல ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்குங்கள். செம்புநிறம் படிந்தால் இன்னும் சுண்ணாம்பு வேண்டும். அன்றே தெளித்துவிடுங்கள். கொடியடிக்குக் காப்பர் ஆக்சிகுளோரைடு, லிட்டருக்கு 2 கிராம்.

இந்தத் தாமிர மருந்துகள் நோய் வருமுன் காக்கும். உள்ளே இறங்கிய நோயை அகற்றா. நோய் தொடங்கிவிட்ட கொடிகளுக்கு மெட்டலாக்சில்-மேங்கோசெப் கலவை, லிட்டருக்கு 1.25 கிராம். அதையே திரும்பத் திரும்ப அடித்தால் எதிர்ப்புத்திறன் வந்துவிடும். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையை இடுவதானால் தாமிர மருந்தோடு சேர்க்காமல் சில வாரங்கள் இடைவெளி விடுங்கள். புதுக் கன்று நடும்போது ஐஐஎஸ்ஆர் சக்தி, தேவம் போன்ற தாங்கும் இரகங்களைக் கேட்டு வாங்குங்கள்.

ஏதாவது கொடி ஆண்டுக்கணக்கில் மெல்ல மஞ்சளித்து நலிந்தால் வேரில் நூற்புழு இருக்கக்கூடும். அதன் வேரையும் மண்ணையும் வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்துச் சோதித்த பிறகே மருந்தை முடிவு செய்யுங்கள்.