வாசகர் கேள்வி – பதில்: நினைவுச் சின்னங்களைப் பற்றி யாரைக் கேட்பது?

கேள்வி: பழைய சிலைகளை வைத்திருப்பதா அகற்றுவதா என்று வெளிநாட்டு நகரங்கள் குழு அமைத்து ஆராய்கின்றனவாமே, அது எப்படி நடக்கிறது? எங்கள் தனுஷ்கோடி இடிபாடுகளுக்கும் அப்படியோர் ஆய்வு பொருந்துமா?
— ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: பொருந்தும். நியூயார்க் மேயர் 2017-இல் அமைத்த குழு, நகரின் ஐந்து பகுதிகளிலும் பொதுக் கூட்டம் நடத்தி மக்கள் சொன்னதைக் கேட்ட பிறகே 2018 ஜனவரியில் அறிக்கை அளித்தது. எல்லாச் சிலைகளுக்கும் ஒரே தீர்ப்பு எழுதப்படவில்லை. கொலம்பஸ் சிலை இருந்த இடத்திலேயே நீடித்தது. அடிமைப் பெண்களை மயக்கமருந்து இல்லாமல் அறுவைக்கு உட்படுத்திய மருத்துவர் மரியன் சிம்ஸின் சிலை, அவர் அடக்கமான கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றுவதென முடிவாகி, அவ்வாண்டு ஏப்ரலில் சென்ட்ரல் பூங்கா ஓரத்திலிருந்து அகற்றப்பட்டது.

கேட்கத் தாமதித்த நகரம் இங்கிலாந்தின் பிரிஸ்டல். அடிமை வணிகத்தில் பொருளீட்டிய கோல்ஸ்டனின் சிலைக்கு விளக்கப் பலகை வைப்பதிலேயே இழுபறி நீடிக்க, 2020 ஜூன் 7 அன்று கூட்டம் அதைச் சாய்த்துத் துறைமுக நீரில் தள்ளியது. பிறகுதான் சுமார் 14,000 பேர் கருத்துச் சொன்னார்கள். ஐந்தில் நால்வர் அருங்காட்சியகத்தில் வைக்கச் சொன்னார்கள்.

நமக்கும் இது புதிதன்று. 1857 எழுச்சியை இரக்கமின்றி ஒடுக்கிய பிரிட்டிஷ் படைத் தளபதி நீலின் சிலையைச் சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்றக் கோரி 1927-இல் சத்தியாகிரகம் செய்து பலர் சிறை சென்றார்கள். ராஜாஜி அமைச்சரவை வந்த 1937-இல் அது அருங்காட்சியகத்துக்குப் போயிற்று.

தனுஷ்கோடியில் யாரும் சிலை வைக்கவில்லை. புயலே விட்டுச் சென்ற சின்னம் அது. 1964 டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து வந்த ரயிலில் இருந்த ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரே வாழத் தகுதியற்றதென அரசு அறிவித்தது. கூரையிழந்த தேவாலயத்தின் சாந்து உதிர்ந்து, சுவரிலுள்ள பவளக் கற்களின் துளைகள் வெளியே தெரிகின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பின் கூட்டம் பெருகிவிட்டது. அந்தச் சுவர்மீது ஏறிப் படம் எடுப்பதைக் காண எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. அதே சுவரின் அருகில் சங்கும் சிப்பி மாலையும் விற்கும் கடைகளோ அங்குள்ள குடும்பங்களின் பிழைப்பு. அவற்றை விரட்டிவிட்டு வேலி போடுவது நினைவைக் காப்பதாகாது.

ஆகவே ஆய்வு என்றால், கட்டடப் பொறியாளருக்கு முன்பாக, உறவுகளைக் கடலுக்குக் கொடுத்த வீட்டாரைக் கேட்க வேண்டும்: இது சுற்றுலா இடமா, சமாதியா, இரண்டுமா? அன்று சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். அவர்களை ஆட்சியர் அலுவலகத்துக்கு அழைக்காமல், பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் ராமேஸ்வரத்திலும் கூட்டம் போட்டு, சொன்னதைப் பதிவுசெய்து, எதை ஏற்றோம், எதை மறுத்தோம், ஏன் என்று தமிழிலேயே அச்சிட்டுத் தர வேண்டும்.

கேள்வி: அண்மையில் கட்டிய நினைவிடங்களையும் ஆராய வேண்டுமா?
— ஒரு வாசகர், மண்டபம்

பதில்: கட்டும் முன்பே ஆராய்வது நல்லது. பேக்கரும்பில் கலாம் நினைவிடம் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டதும், வீணை வாசிக்கும் சிலையருகே பகவத் கீதை இருந்தது சர்ச்சையானது. சில நாட்களில் குர்ஆனும் பைபிளும் உடன் வைக்கப்பட, அதற்கும் ஆட்சேபம் வந்தது. வரைபடத்தையும் மாதிரியையும் ஊரார் பார்வைக்கு ஒரு மாதம் வைத்திருந்தால், இதையெல்லாம் திறப்பு விழாவுக்கு முன்பே பேசியிருக்கலாம்.