புரொபேஷனில் இருக்கும்போது மருத்துவக் கஞ்சா எடுக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். குடித்துவிட்டு வண்டி ஓட்டிய வழக்கில் ஓராண்டு புரொபேஷன் (சிறைக்குப் பதில் நிபந்தனைகளோடு கண்காணிப்பில் இருக்கும் காலம்). தீராத முதுகுவலிக்காக மருத்துவக் கஞ்சா அட்டை வைத்திருக்கிறேன். ஆனால் புரொபேஷன் அதிகாரி, ‘கஞ்சாவைத் தொடவே கூடாது’ என்கிறார். அட்டை செல்லாதா?

பதில்: அட்டை செல்லும். ஆனால் அதை மட்டும் நம்பி இன்றைக்கே எடுத்துவிடாதீர்கள்.

நீதிமன்றம் கொடுத்த உத்தரவுத் தாளை எடுத்துப் பாருங்கள். மது கூடாது என்ற நிபந்தனையோடு, கஞ்சாவும் கூடாது என்று ஒரு வரி இருக்கலாம். அதிகாரி அந்த வரியைத்தான் சொல்கிறார். அதை நீக்க அவரால் முடியாது, நீதிபதியால்தான் முடியும்.

நீக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு நல்ல பிடிமானம் இருக்கிறது. 2008-ல் மிச்சிகன் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த மருத்துவக் கஞ்சாச் சட்டம், பதிவு பெற்ற நோயாளியை அதற்காகத் தண்டிக்கவோ அவருக்கு உள்ள சலுகையைப் பறிக்கவோ கூடாது என்கிறது. புரொபேஷனும் அப்படி ஒரு சலுகைதான் என்று 2021 பிப்ரவரியில் அந்த மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது சாலைத் தகராறில் எழுந்த அடிதடி வழக்கு என்றாலும் வாதம் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் பொழுதுபோக்குக்காக எடுப்பதைத் தடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்பதும் அதே தீர்ப்புதான்.

சிக்கல் இங்கேதான். சிறுநீர்ப் பரிசோதனைக்கு மருந்தும் தெரியாது, பொழுதுபோக்கும் தெரியாது. தொடர்ந்து எடுப்பவர் உடலில் கஞ்சாவின் மிச்சம் வாரக்கணக்கில் தங்கும். எனவே நோயாளி அட்டையைக் காட்டி வாங்கிய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். அட்டை காலாவதியாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் மூலம் மனுப் போட்டு, திருத்திய உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் மற்றதெல்லாம். மதுவுக்கான தடை எப்படியும் நீடிக்கும். கஞ்சாவின் போதையில் வண்டி ஓட்டினால் அட்டை காப்பாற்றாது.

சரி, நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் குடியேற்ற அதிகாரிகள் பார்ப்பது நாடு முழுமைக்குமான கூட்டரசுச் (ஃபெடரல்) சட்டத்தை. ‘நான் கஞ்சா எடுக்கிறேன்’ என்று நீங்களே ஒப்புக்கொள்வது, தண்டனையே இல்லாவிட்டாலும், விசாவுக்கும் கிரீன் கார்டுக்கும் வினையாகலாம். நீதிமன்றத்தில் போடும் அந்த மனு அப்படி ஒரு ஒப்புதலாகக் கோப்பில் கிடக்கும். அப்புறம் விசா ஸ்டாம்பிங், அதாவது பாஸ்போர்ட்டில் புது விசா வாங்குவது. கடந்த 5 ஆண்டுகளுக்குள் குடிபோதை வழக்கு இருந்தால், சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் உங்களை மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பும். போதைப் பழக்கம் பற்றி மருத்துவர் அங்கே கேட்பார். பொய் சொன்னால் நிலைமை இன்னும் மோசமாகும்.

அதனால் மனுவில் கையெழுத்துப் போடும் முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள். முதுகுவலிக்கு வேறு என்ன சிகிச்சை இருக்கிறது என்று மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். வலியோடு காத்திருக்கச் சொல்வது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.