எஸ்.எஸ்.பி.யில் இரண்டு முறை வெளியே வந்துவிட்டேன். மறுபடி விண்ணப்பிக்கலாமா?

கேள்வி கேட்டவருக்கு வயது 18. என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) எழுத்துத் தேர்வில் இரண்டு முறையும் தேறியிருக்கிறார். அதற்கடுத்து எஸ்.எஸ்.பி. என்ற ஐந்து நாள் அதிகாரித் தேர்வு. அதில் முதல் தடவை ஸ்கிரீன்ட் அவுட் (முதல் நாள் வடிகட்டலிலேயே வெளியே), இரண்டாவது தடவை கடைசி நாள் வரை இருந்து கான்ஃபரன்ஸ் அவுட் (இறுதிக் கூட்டத்தில் எடுக்கப்படவில்லை). மறுபடி போவதா, இல்லை விட்டுவிட்டுக் கல்லூரியில் சேர்வதா, இந்த ஏமாற்றத்தை எப்படித் தாங்குவது என்று கேட்டிருக்கிறார்.

போகலாம் தம்பி. ஆனால் கல்லூரியில் சேர்ந்துவிட்டுப் போங்கள். இது இரண்டில் ஒன்று என்ற கேள்வியே இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு என் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

எனக்குப் பெங்களூரு அல்சூர். அப்பா ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கரையில் இருக்கும் அந்தப் படையின் எம்.இ.ஜி. சென்டரைத் தாண்டித்தான் தினமும் பள்ளிக்குப் போவேன். அந்தப் படையில் சிப்பாய்களைத் 'தம்பி' என்றுதான் அழைப்பார்கள். பஞ்சாபிலிருந்து வந்த அதிகாரியும் அப்பாவைத் தம்பி என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அதிகாரி ஆக வேண்டும் என்ற ஆசை எனக்கு அங்கிருந்து வந்தது. பள்ளி முடித்ததும் என்.டி.ஏ.வில் சேரப் பெண்களுக்கு அப்போது கதவு இல்லை. 2021 ஆகஸ்டில், நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது, பெண்களும் என்.டி.ஏ. தேர்வு எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. நவம்பர் 14 அன்று தேர்வு. அந்த ஒரு தேர்வுக்கு 1.77 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் விண்ணப்பித்தோம். எங்களுக்கு இருந்தது 19 இடம்.

எழுத்துத் தேர்வில் தேறினேன். எஸ்.எஸ்.பி. எங்கள் ஊரிலேயே, கப்பன் சாலையில். மற்ற பெண்கள் இரண்டு நாள் ரயிலில் வந்தார்கள், நான் வீட்டிலிருந்து கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். ஐந்து நாளுக்கான துணியை அம்மா மடித்து அடுக்கிக் கொடுத்திருந்தாள். அன்று மதியமே திரும்பிவிட்டேன்.

ஸ்கிரீனிங்கில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதலில் அறிவுத்திறன் கேள்விகள். அப்புறம் மங்கலான ஒரு படத்தை 30 விநாடி காட்டுவார்கள். அதை வைத்து ஒரு கதை எழுத வேண்டும். பிறகு குழுவாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு நிமிடம் அவரவர் கதையைச் சொல்லி, எல்லோரும் பேசி ஒரு பொதுக் கதைக்கு வர வேண்டும். என் குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் ஒரு இடைவெளிக்காகக் காத்திருந்தேன். நேரம் முடிந்துவிட்டது, இடைவெளி வரவில்லை.

அப்பா டி.வி.எஸ்.ஸில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். நேரே வீட்டுக்குப் போகவில்லை. ஏரிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி மசாலா பூரி வாங்கிக் கொடுத்தார். நான் அழுது முடிக்கும் வரை எதுவும் பேசவில்லை. கடைசியில், "பாப்பா, அம்மாகிட்ட நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்றார். அன்றைக்கு அவர்மேல் கோபம் வந்தது. ஆனால் உள்ளே போய், அம்மா முகத்தைப் பார்த்து, "முதல் சுற்றிலேயே போயிட்டேன்மா" என்று சொன்னதும் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். வீட்டில், நண்பர்களிடம், கேட்கிற சொந்தக்காரரிடம், நடந்ததை ஒரே வாக்கியத்தில் நீங்களே சொல்லிவிடுங்கள். "ரிசல்ட் இன்னும் வரலை" என்று மழுப்பிக்கொண்டிருந்தால் அந்தப் பொய்யையும் சேர்த்துச் சுமக்க வேண்டிவரும். பெண்பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று எனக்கும் சொன்னார்கள். சொல்லிவிட்டு அவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

2022 ஏப்ரல் தேர்வில் எழுத்திலேயே போனேன், கணக்கில். போர்டு பரீட்சைப் பரபரப்பு, அதற்குமேல் சொல்ல எதுவும் இல்லை. செப்டம்பரில் மறுபடி எழுதித் தேறினேன். இந்த முறை அப்பா சீட்டுப் பணத்தை எடுத்து ஒரு பயிற்சி மையத்தில் சேர்த்துவிட்டார். எங்கே விழுந்தேன் என்பது அங்கேதான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

அந்த மையத்தில் கதைகள் தயாராக இருந்தன. எந்தப் படம் வந்தாலும் நாயகி ஒரு விபத்தைப் பார்ப்பாள், முதலுதவி செய்வாள், ஊரைத் திரட்டுவாள், பாராட்டுப் பெறுவாள். வார்த்தைத் தேர்வில் வரும் 60 சொற்களுக்கும் நல்ல நல்ல வாக்கியங்கள் மனப்பாடம். ஒரு சொல்லுக்கு 15 விநாடி, யோசிக்கவே வேண்டாம் என்றார்கள். நானும் யோசிக்கவில்லை. கையெழுத்து மட்டும்தான் என்னுடையது.

எஸ்.எஸ்.பி.யில் மூன்று பேர் நம்மைத் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். உளவியலாளர் நாம் எழுதியதைப் படிக்கிறார், நேர்காணல் அதிகாரி நாம் பேசுவதைக் கேட்கிறார், ஜி.டி.ஓ. எனும் குழுத் தேர்வு அதிகாரி மைதானத்தில் நாம் செய்வதைப் பார்க்கிறார். கான்ஃபரன்ஸில் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒப்பிடுகிறார்கள். மனசா, வாசா, கர்மணா, அதாவது எண்ணம், சொல், செயல் என்பதுதான் இந்த முறையின் அடிப்படை என்பார்கள். நம் பாட்டிமார் 'மனம், வாக்கு, காயம் ஒண்ணா இருக்கணும்' என்று சொல்வது இதைத்தான். என் கதைகளில் நான் ஊரையே திரட்டினேன். மைதானத்தில் பலகையும் கழியும் கயிறும் வைத்துத் தடையைத் தாண்டச் சொன்னபோது, எனக்கு ஒரு வழி தோன்றியும் சொல்லாமல் பின்னால் நின்றேன். நேர்காணலில், "நீங்கள் முன்னின்று செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்" என்றபோது பள்ளி ஆண்டுவிழா ஒன்றை இழுத்து இழுத்துச் சொன்னேன். மூன்று பேரும் மூன்று பெண்களைப் பார்த்திருப்பார்கள். ஏன் எடுக்கவில்லை என்று அங்கே யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது முறை கடைசி நாள் வரை இருந்திருக்கிறீர்கள் என்றால், முதல் முறை உங்களைத் தடுத்தது எதுவோ அதைச் சரிசெய்துவிட்டீர்கள். அடுத்து என்ன என்று நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். வீடியோக்களில் வரும் 'நிராகரிப்புக்கு பத்துக் காரணங்கள்' உதவாது. வெளியே வந்த இந்த வாரத்திலேயே, மறப்பதற்குள், ஐந்து நாளையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கே தொண்டை அடைத்தது, எந்தக் கேள்விக்குச் சுற்றி வளைத்தீர்கள், எந்தக் கதை இரவல். யாருக்கும் காட்ட வேண்டாம்.

அதற்குப் பிறகு எனக்கு என்.டி.ஏ. வயது முடிந்துவிட்டது. நான் இதற்குள் பெங்களூரிலேயே டிகிரி சேர்ந்திருந்தேன், என்.சி.சி.யும் எடுத்திருந்தேன். அதனால்தான் நின்றுபோகவில்லை. ஒரு வருடம் வீட்டிலேயே இருந்து எஸ்.எஸ்.பி.க்கு மட்டும் 'தயாராகிறேன்' என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே கவலையாக இருக்கிறது. அந்த வருடத்தைப் பற்றி நேர்காணலில் கேட்பார்கள். சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

2024 மார்ச்சில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது, செய்தியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் சந்தில் போர்வெல் வற்றிவிட்டது. டேங்கர் வந்தால் முன்வீட்டுக்காரர் டிரம்மெல்லாம் நிரம்பும், கடைசி நாலு வீட்டுக்கு ஒரு குடம் கிடைக்காது. தினமும் சண்டை. தமிழ், கன்னடம், உருது என்று மூன்று மொழியிலும் நடந்தது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஒரு தாளில் 26 வீட்டையும் எழுதி, வீட்டுக்கு எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, வரிசையை ஒரு நாள் இந்தப் பக்கமிருந்து, மறுநாள் அந்தப் பக்கமிருந்து என்று மாற்றிவிட்டேன். முதல் இரண்டு நாள் திட்டு வாங்கினேன். ஒரு பெரியம்மா என் தாளைப் பிடுங்கிக் கிழித்தார். மறுபடி எழுதினேன். மூன்றாம் நாளிலிருந்து அந்தப் பெரியம்மாவே கையில் தாளை வைத்துக்கொண்டு பெயர் கூப்பிட ஆரம்பித்தார். இதை நான் எஸ்.எஸ்.பி.க்காகச் செய்யவில்லை, எங்கள் வீடு கடைசி நாலில் ஒன்று. ஆனால் அடுத்த முறை மைதானத்தில் ஒரு வழி தோன்றியபோது வாய் தானாகத் திறந்தது.

அந்த அடுத்த முறை, பட்டதாரிகளுக்கான சி.டி.எஸ். தேர்வு வழியாக, சென்னை ஓ.டி.ஏ.வுக்கு (அதிகாரிகள் பயிற்சி அகாடமி). டிகிரி கடைசி வருடத்திலேயே எழுதலாம். ஓ.டி.ஏ.வுக்குக் கணக்குத் தாள் கிடையாது, ஆங்கிலமும் பொது அறிவும்தான். ஐந்தாம் நாள் என் செஸ்ட் நம்பரைக் கூப்பிட்டார்கள். ரெக்கமண்ட் ஆகிவிட்டேன், அதாவது எஸ்.எஸ்.பி.யில் தேறிவிட்டேன். மெடிக்கலும் முடிந்தது. அப்புறம் மெரிட் பட்டியல் வந்தது, அதில் என் பெயர் இல்லை. பெண்களுக்கு அந்த வழியில் இருந்த இடம் இருபதுக்கும் குறைவு. தேர்வானவர்களுக்குள்ளேயே மதிப்பெண் வரிசையில் கீழே போய்விட்டேன்.

மற்ற எல்லாவற்றையும்விட அது வலித்தது. அதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு வாரம் ஏரிப்பக்கம் ஓடவே போகவில்லை. காலையில் சென்டரிலிருந்து பியூகிள் சத்தம் கேட்டால் தலையணையை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். அதிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்றால், அப்பா ஒரு நாள் நாலரை மணிக்கு எழுப்பி, "எனக்கு முட்டி வலி, தனியா நடக்க முடியலை, துணைக்கு வா" என்றார். முட்டி வலி உண்மைதான். நடந்தோம். மறுநாளும் நடந்தோம். ஒரு வாரத்தில் அவரைக் கரையில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நான் ஓட ஆரம்பித்திருந்தேன். தம்பி, மனசு சரியான பிறகு ஓடலாம் என்று இருக்காதீர்கள். எழுந்து ஷூவைப் போடுங்கள்.

அந்த இரண்டு வாரத்துக்குப் பிறகு எனக்கு ஒன்று தெளிவானது. எஸ்.எஸ்.பி.யில் தேறுவது என் கையில் ஓரளவு இருக்கிறது. எத்தனை இடம், எனக்கு மேலே எத்தனை பேர் என்பது என் கையில் இல்லை. உங்களுக்கும் அப்படித்தான். என்.டி.ஏ.வில் எழுத்துத் தேர்வுக்கு 900, எஸ்.எஸ்.பி.க்கு 900. எழுத்தில் விளிம்பில் தேறியவர் ரெக்கமண்ட் ஆனாலும் மெரிட்டில் தொங்க வேண்டியிருக்கும். கணக்கில் இன்னும் நாற்பது மதிப்பெண் கூட்ட முடியுமா என்று பாருங்கள். எஸ்.எஸ்.பி.யிலேயே கண்ணாக இருப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டேன்.

என்.டி.ஏ.வுக்கு 19½ வயது வரம்பு, அது பயிற்சி தொடங்கும் நாளை வைத்துக் கணக்கு. அதனால் ஏப்ரல், செப்டம்பர் தேர்வுகளில் எத்தனை மிச்சம் என்பது உங்கள் பிறந்த தேதியைப் பொறுத்தது, அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு சி.டி.எஸ்., என்.சி.சி. 'சி' சான்றிதழ் இருந்தால் எழுத்துத் தேர்வே இல்லாமல் நேராக எஸ்.எஸ்.பி. அதனால் கல்லூரியில் முதல் வாரமே என்.சி.சி. அலுவலகத்தைத் தேடிப் போங்கள், இரண்டாம் வருடம் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு போங்கள். விமானி ஆசை இருந்தால் மட்டும் ஒரு எச்சரிக்கை. விமானிகளுக்கென்று இருக்கும் கணினித் தேர்வில் ஒரு முறை தவறினால் வாழ்நாளில் மறுமுறை கிடையாது. தூங்காமல், காய்ச்சலோடு போய் உட்காராதீர்கள். மெடிக்கலில் தற்காலிகமாக நிராகரித்தால் 42 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு, காது அழுக்கு, எடை போன்றவற்றை இப்போதே பார்த்துவிடுங்கள்.

எனக்கு என்.சி.சி. வழியில் அடுத்த மாதம் எஸ்.எஸ்.பி. பெண்களுக்கு இருக்கும் இடம் கைவிரலில் எண்ணிவிடலாம். இந்த முறை போபால், ரயிலில் போக வேண்டும். பகலில் வேலைக்குப் போகிறேன், சாயங்காலம் சந்துப் பிள்ளைகள் ஏழு பேருக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். எஸ்.எஸ்.பி. கைகூடாவிட்டாலும் இது நடக்கும். அம்மா துணி மடிக்க ஆரம்பித்துவிட்டாள், ஐந்து நாளுக்கு.